சகாயத்தின் மஜ்ஜை

எங்கள் பங்குச்சாமியார் மூன்று வருடமாக விடாமல் கேட்கிறார். திருவிழா அன்று பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். "நீங்க டீச்சர்தானே, பேச வராதுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்கிறார். பேச வரும். வாயைத் திறந்தால் என்ன வரும் என்பதுதான் பயம். அதனால் எழுதுகிறேன். எழுதினால் பிடிக்காததை அடித்துவிடலாம். நான் எதையும் அடிக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

என் பெயர் ஆரோக்கியமேரி. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தால் எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் கடத்தூருக்குப் பக்கம். அப்பாவுக்கு மேட்டுக்காடு ஆறு ஏக்கர், ராகியும் கடலையும் போடுவார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்து பத்து வருடம் ஆகியிருக்கும். அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் வகுப்புக்கு ஏறும் மூன்று படியை ஏற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "டீச்சர், உங்க ஒதடு வெள்ளையா இருக்குதுங்க" என்றது ஒன்று. காலில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. மூட்டைப்பூச்சி என்று நினைத்து இரண்டு நாள் கட்டிலை வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். பல் விளக்கினால் ரத்தம். மாதவிலக்கு வந்தது பதினேழு நாளாகியும் நிற்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் கண்ணிமையை இழுத்துப் பார்த்த டாக்டர், "உடம்புல ரத்தமே இல்லையே, எப்படிம்மா நடந்து வந்தீங்க?" என்று கேட்டார்.

"நடந்து வரலைங்க, பஸ்ல வந்தேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பத்து நாளில் அது எங்கே போனதென்று தெரியவில்லை, மறுபடியும் வெளுத்துவிட்டேன். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

பெங்களூரில் முதல் நாள் நடந்ததை நான் விவரமாகச் சொல்ல வேண்டும். பிறகு நடந்த அத்தனைக்கும் அதுதான் வேர். என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு சின்ன வயது டாக்டர் அட்டையில் காகிதத்தை வைத்துக்கொண்டு அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வயது, ஊர், என்னென்ன நோய் வந்திருக்கிறது. கடைசியில், "கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

"இதுக்குக் கீழ ஒரு பையனுங்க. இது, அவன். ரெண்டே பேரு" என்றார் அப்பா.

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் காதால் கேட்டுக்கொண்டு கிடந்தேன். தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

உண்மையில் நாங்கள் மூன்று பேர். நானும் சகாயமேரியும் ரெட்டை. கால் மணி நேரம் முன்னே பிறந்ததால் நான் மூத்தவள். எட்டாம் மாதத்தில் பிறந்து, பஞ்சில் சுற்றி வைத்திருந்த எங்களைப் பார்த்து அப்பா அந்தோணியார் கோயிலுக்குப் போய், "ரெண்டும் பொழைச்சா மூத்ததை மடத்துக்குக் குடுத்திடறேன்" என்று நேர்ந்துகொண்டார். பிழைத்தோம். பதினேழு வயதில் என்னைக் கன்னியர் மடத்துக்குக் கிளம்பச் சொன்னபோது எனக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. மாட்டேன் என்றேன். அப்பா அடித்தார். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். அதற்கும் மாட்டேன் என்றேன். மூன்றாம் நாள் சகாயத்தின் துணிகளை அம்மா டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சகாயம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சம்மதம் என்று நானே நினைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மடத்துக்குக் கொடுத்த பிள்ளையை வீட்டுக் கணக்கில் வைக்கக் கூடாது என்பது எங்கள் அப்பாவின் பக்தி. கோயிலுக்கு விட்ட ஆட்டைப் பட்டியில் எண்ணுவதில்லையே, அது போலத்தான். ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார். யாராவது கேட்டால் இரண்டு பிள்ளைகள் என்பார். எட்டு வருடத்தில் எனக்கும் அது பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கூட நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

நோய்க்கு வருகிறேன். மறுநாள் நெஞ்செலும்பில் ஊசியைத் திருகி இறக்கி உள்ளே இருப்பதை உறிஞ்சினார்கள். மரத்துப்போகத்தான் மருந்து போட்டார்கள். தோல் மரத்தது. உறிஞ்சும்போது உயிரையே பிடித்து இழுத்தது போல இருந்தது, அதற்கு மருந்து கிடையாதாம். அந்த வார்டுக்குப் பெரிய டாக்டர் ஒரு அம்மாள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், எங்கள் தமிழ் அவருக்குப் பாதிதான் வரும். ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"கெணத்துல தண்ணி ஊறுதில்ல, அது மாதிரி ரத்தம் எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜையில ஊறுது. உங்களுக்கு அந்த ஊத்து வத்திப்போச்சு. சிவப்பணு இல்ல, அதனால மூச்சு வாங்குது. ரத்தத்தை உறைய வைக்கற அணு இல்ல, அதனால ஒழுகுது. வெள்ளையணு இல்ல, அதனால ஒரு சளி புடிச்சாக்கூட ஆபத்து."

"ஏன் வத்துச்சுங்க?"

முந்தின வருடம் ஏதாவது மருந்து சாப்பிட்டேனா என்று கேட்டார். டைபாய்டு என்று சொல்லி கடத்தூர் கம்பவுண்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். நன்றாகக் கேட்டதால் அப்புறம் இரண்டு காய்ச்சலுக்கு நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன். இதைச் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உறுதியா யாராலும் சொல்ல முடியாது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டுவதற்குக் கூட ஒரு ஆள் இல்லாத நோய்.

ஒன்றரை வருடம் அடுத்தவர் ரத்தத்தில் ஓடினேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, வரிசையில் உட்கார்ந்து, குழாயை மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். ஏற்றும்போது சில தடவை கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் எடுக்கும். வார்டு ஆயா கெம்பம்மா இரண்டு கம்பளியைப் போட்டு, அதன்மேல் தானும் சாய்ந்துகொள்வாள். ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்களைக் கேட்டோம். கல்யாணத்துக்கு நூறு பேர் வருகிற குடும்பம். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு அறுவடை, பெரியப்பா மகன் ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பின்வாசல் வழியாகப் போனவன்தான். கொடுத்தவர்கள் யார் தெரியுமா? என் தம்பி சூசை தொப்பூர் கணவாய் வழியாக சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓடுகிற லாரியில் கிளீனராக இருந்தான். அவனுடைய ரத்தம் எனக்குச் சேரவில்லை. ஆனால் லோடு இறக்க வருகிற டிரைவர்களில் எவனுடையது சேர்ந்ததோ அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவான். அவர்கள் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு லாரி எடுத்துக்கொண்டு போனார்கள். பாதிப் பேரின் பெயர் கூட எனக்குத் தெரியாது.

மஜ்ஜையைத் தூண்டுவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது ஆண்களின் உடம்பில் ஊறுகிற சமாசாரமாம். மஜ்ஜை அசையவில்லை, எனக்கு மீசை வந்தது. குரல் கட்டையாகிவிட்டது. முகம் வீங்கியது. நான் தெருவில் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். பிள்ளைகள் முன்னால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பாடம் நடத்தினேன். பிறகு பள்ளிக்கூடத்தில் லீவு போடச் சொல்லிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் அப்பா தன் மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னார். வார்டு வராந்தாவில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டே, ஏதோ மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார்: "மூத்ததைத் தரேன்னு சொன்னேன். இளையதைக் குடுத்து ஏமாத்துனேன். அவரு பாக்காமலா இருப்பாரு? தனக்குன்னு சொன்னதை வந்து எடுத்துக்கறாரு."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. அதுவரை அவர் எனக்காகச் செபமாலை சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். நான் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்புறம் ஒரு மாதம் அப்பாவுக்குக் கால் வீக்கம், அவருக்குப் பதிலாக அம்மா வந்தாள். அம்மாவுக்கு பெங்களூர் புதிது, பயத்தில் வாய் ஓயாமல் பேசினாள். ஊசி போட வந்த டாக்டரம்மாவிடம், "சின்னதுலயே ரெண்டும் நோஞ்சானுங்கம்மா. ரெட்டையாப் பொறந்துச்சுங்க இல்ல, பால் பத்தல" என்றாள்.

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "ரெட்டையா? இன்னொண்ணு இறந்துடுச்சா?"

"ஐயோ, சாமி! இல்லீங்க. மடத்துல இருக்குது."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருப்பாங்களா?"

"எது எதுன்னு எனக்கே தெரியாதுங்க. இவளுக்கு மருந்து ஊத்துனதா நெனச்சு அவளுக்கு ரெண்டு தடவ ஊத்தியிருக்கறேன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு கோபத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை. "பதினாலு மாசமா எங்கிட்ட வர்றீங்க. படிச்சவங்க. ஏன் சொல்லல?"

நீங்கள் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டிருக்கிறார்கள். அப்பா சொன்னார் என்று சொல்லலாம், ஆனால் என் வாய் எங்கே போயிற்று?

அவர் உட்கார்ந்து விளக்கினார். நல்ல மஜ்ஜையை ஒருவர் எலும்பிலிருந்து எடுத்து இன்னொருவருக்கு ஏற்ற முடியும். சாதாரணமாக அண்ணன் தம்பியுடையதாக இருந்தாலும் உடம்பு அதை அந்நியம் என்று தள்ளிவிடும், அல்லது வந்த மஜ்ஜை இந்த உடம்பைத் தாக்கும். அதையெல்லாம் சமாளிக்கிற வசதி இங்கே இல்லை. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த ரெட்டை என்றால் உடம்புக்கு வித்தியாசமே தெரியாது. தன்னுடையது என்றே ஏற்றுக்கொள்ளும். "நான் படிச்ச எடத்துல பாத்திருக்கேன். இங்க செஞ்சதில்ல. பிழைப்பீங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உங்களுக்கு வேற வழியே இல்ல" என்றார்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? அவ ஒடம்பு இப்ப நம்புளுது இல்ல" என்றார். மடத்துக்குக் கடிதம் எழுத மாட்டேன் என்றார், சூசையையும் எழுதவிடவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே மடத்து மதருக்கு நேராக எழுதினார். மூன்று வாரம் கழித்து சகாயம் வந்தாள், துணைக்கு வயதான ஒரு சிஸ்டருடன்.

எட்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். வெள்ளைத் தலைத்துணிக்குள் என் பழைய முகம், மீசையும் வீக்கமும் இல்லாமல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "குரலு ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரம்மா அவளை உட்கார வைத்து, மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் பல இடத்தில் குத்தி எடுப்பார்கள், சில நாள் வலிக்கும், எடுத்தது சில வாரத்தில் தானாக ஊறிவிடும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"மதர் சம்மதம் குடுத்துட்டாங்க டாக்டர்" என்றார் துணைக்கு வந்த சிஸ்டர்.

"மதரைக் கேக்கல. இவங்களைக் கேட்டேன்."

சகாயம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

என் உயிர் ஒரு நாள் முழுக்க அவள் நாக்கில் இருந்தது. அவள் சரி என்பாள் என்று வார்டில் எல்லோரும் நினைத்தார்கள், சிஸ்டர் அல்லவா! எனக்கு மட்டும் அந்த நம்பிக்கை இல்லை. நான் அவளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அவள் டாக்டரம்மா அறைக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டாள். என்னிடம் வந்து சொல்லவில்லை, கெம்பம்மா சொல்லித்தான் தெரிந்தது.

ஒரே கருதானா என்று உறுதி செய்ய ரத்தத்தைப் பல வகையில் பார்த்தார்கள். அது போதாதென்று அவள் கையிலிருந்து சுண்டுவிரல் நகமளவு தோலை எடுத்து என் கையில் பதித்துக் கட்டினார்கள். வேறு கரு என்றால் இரண்டு வாரத்தில் கறுத்து உதிர்ந்துவிடும். மூன்று வாரம் பார்த்தோம். கட்டுப் பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். தோல் ஒட்டிக்கொண்டது. நிறம் கூட மாறவில்லை.

அந்த மூன்று வாரமும் சகாயம் எனக்கு எல்லாம் செய்தாள். கஞ்சி கொடுத்தாள், வாய் கொப்பளிக்க உப்புத்தண்ணீர் கொடுத்தாள், துணி மாற்றினாள். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் அதையே அதே முகத்துடன் செய்தாள். அதுதான் என்னைக் கொன்றது.

குறித்த நாளில் அவளை உள்ளே கொண்டுபோய்க் குப்புறப் படுக்க வைத்து எடுத்தார்கள். சல்லடையில் வடிகட்டி பாட்டிலில் கொண்டுவந்தார்கள். பார்ப்பதற்கு ரத்தம் மாதிரிதான், கொஞ்சம் கெட்டி, மேலே எண்ணெய் மினுக்கு. கைநரம்பில் ஊசி குத்தி ஏற்றினார்கள், அவ்வளவுதான். "கையில ஏத்துனா எலும்புக்குள்ள எப்படிங்க போகும்?" என்று கேட்டேன். "அதுக்கு வழி தெரியும். தானா தேடிப் போய் உக்காந்துக்கும்" என்றார் டாக்டரம்மா. இத்தனை மாதம் இதற்காகவா செத்துப் பிழைத்தோம் என்றிருந்தது. ஒரு படம் ஓடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

பதினெட்டாம் நாள் வெள்ளையணு ஏறத் தொடங்கியது. ஐந்தாவது வாரம், யாருடைய ரத்தமும் ஏற்றாமலே ஹீமோகுளோபின் எட்டு கிராம். டாக்டரம்மா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு முழுக்கக் காட்டினார். அப்பா ஊரிலிருந்து வந்து தரையில் முழந்தாளிட்டார். "ஏத்துக்கிட்டாரு, மன்னிச்சுட்டாரு" என்று அழுதார். அறையில் சகாயமும் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பு வலியில் ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு. அப்பா எழுந்து அவளைப் பார்த்து, "தோத்திரம் சிஸ்டர்" என்று கை கூப்பினார். தன் மகளை.

"தோத்திரம்" என்றாள் அவள்.

அவள் கிளம்புகிற அன்று, துணைக்கு வந்த சிஸ்டர் செபம் சொல்லச் சாப்பலுக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"உனக்கு அன்னிக்கு மடத்துக்குப் போகப் புடிக்கலைன்னா ஏன் சொல்லல சகாயம்?"

"நீதான் சொல்லீட்டியே. ஒரு வூட்டுல ஒருத்திதான் மாட்டேன்னு சொல்ல முடியும்."

கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாத ஒரு விவரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டே பேசினாள். "அந்த டாக்டரம்மா சம்மதமான்னு கேட்டாங்கல்ல? என்னை அப்படி யாரும் கேட்டதில்ல. சாயந்திரமா குளிக்கற ரூம்ல தாப்பா போட்டுக்கிட்டு, மாட்டேன்னு ஒருக்கா சத்தமா சொல்லிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் குடுத்த?"

"நீ செத்துருவியே." அவள் முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "மாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு தடவதான் கெடச்சுது. அதுலயும் இப்படி வந்து படுத்துக்கிட்ட."

மன்னித்துவிடு என்றேன். அவள் பெட்டியைப் பூட்டினாள். வீட்டுக்கு வந்துவிடு, அப்பாவிடம் நான் பேசுகிறேன், நான் சம்பாதிக்கிறேன், இரண்டு பேரும் இருக்கலாம் என்று என்னென்னவோ உளறினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். சில பேருக்கு இந்த நோய் திரும்ப வரும், வந்தால் மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் போய் எனக்கு அதைக் கேட்கத் தோன்றியது. உயிர் மேல் ஆசைக்கு வெட்கம் கிடையாது.

"திரும்ப வந்துச்சுன்னா வருவியா?"

"அனுப்பினாங்கன்னா வருவேன்" என்றாள். "நானா எங்கயும் போய்ப் பழக்கமில்ல."

சிஸ்டர் வந்து கூப்பிட்டார். சாய்த்துச் சாய்த்து நடந்து போனாள்.

நாலு வருடம் ஆகிறது. மீசை உதிர்ந்துவிட்டது, குரல் மட்டும் கட்டையாகவே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், படி ஏறுகிறேன். அவளுக்கு எழுதின கடிதங்களுக்கு மதர்தான் பதில் போடுகிறார், சிஸ்டர் நலம் என்று. வருடத்துக்கு ஒருமுறை பெங்களூர் போய் ரத்தம் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். நோய் திரும்ப வரவில்லை. அதனால் அவளை யாரும் அனுப்பவில்லை.